ஸபுரை ஆயுதமாக ஏந்திய பெரியவர்

ஸபுர் என்ற சொல் நம் வீடுகளில் நாள்தோறும் புழங்குகிறது. நோய் வந்தாலும் ஸபுர் செய்கிறோம். மவுத்து நேர்ந்தாலும் ஸபுர் செய்கிறோம். ஆனால் ஊரில் கலகம் மூண்டு கல்லும் கத்தியும் கிளம்பும் வேளையில் அந்த ஸபுர் எங்கே போய்விடுகிறது? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் 'எல்லை காந்தி' கான் அப்துல் கஃபார் கான் அவர்கள்.

பெஷாவருக்கு அருகேயுள்ள உத்மான்ஸை கிராமத்தின் தலைவர் பஹ்ராம் கானின் மகனாக, 1890-ஐ ஒட்டிப் பிறந்தார். பழிக்குப் பழி வாங்குவதே குலமானம் என்று பட்டாணியர் எண்ணியிருந்த காலம் அது. ஒரு கொலையின் பகை தலைமுறை தலைமுறையாகத் தொடரும். இதை மாற்றக் கல்வியே வழி என்று கண்ட அவர், 1910-ல் சொந்த ஊரில் பள்ளிக்கூடம் திறந்தார். 1929-ல் 'குதாயி கித்மத்கார்', அதாவது இறைப் பணியாளர், என்னும் தொண்டர் படையைத் திரட்டினார். வன்முறையையும் பழிவாங்குவதையும் விட்டொழிப்பதாக அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்தவர்களே அதில் சேர்ந்தார்கள்.

1930 ஏப்ரல் 23-ல் அவர் கைதானார். அன்றே பெஷாவர் கிஸ்ஸாகானி கடைவீதியில் வெள்ளையர் படை சுட்டு, ஆயுதம் ஏந்தாத மக்கள் பலர் மடிந்தனர். அதன் பிறகும் அவர் வழி மாறவில்லை. மக்காவில் நம் நாயகம் (ஸல்) அவர்கள் துன்பங்களைத் தாங்கிய பொறுமையே தமது ஆயுதம் என்பது அவருடைய உறுதி.

1946-ல் பீகாரில் முஸ்லிம் கிராமங்கள் சூறையாடப்பட்டன. 1947-ல் காந்தியடிகளுடன் அக்கிராமங்களுக்குச் சென்று, நொந்தவர்களுக்கு ஆறுதல் கூறினார். அதே ஆண்டு பெஷாவரில் இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் ஆபத்து வந்தபோது, அவருடைய தொண்டர்கள் காவல் நின்றார்கள். ஓரிடத்தில் நம்மவர் அடிபட்டதற்கு மற்றோரிடத்தில் அப்பாவியைப் பழிவாங்குவது நீதியாகாது என்பதை அவர்கள் செயலில் காட்டினார்கள்.

வெள்ளையர் ஆட்சியிலும் பாகிஸ்தான் ஆட்சியிலும் அவர் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். 1969-ல் அகமதாபாத் கலவரம் நடந்த சில நாட்களில் டெல்லி வந்த அவர், எண்பதை நெருங்கிய வயதிலும் மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார். 1988 ஜனவரி 20-ல் வஃபாத்தான அவரை, அவர் விருப்பப்படியே ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் நல்லடக்கம் செய்தார்கள்.

கோட்டாற்றில் பள்ளிவாசலும் உண்டு, கோயிலும் உண்டு, சவேரியார் ஆலயமும் உண்டு. 1982-ல் மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட மாவட்டம் நம்முடையது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி அல்லாஹ் திருமறையில் கட்டளையிட்டிருக்கிறான். பதற்றமான நாளில் நம் வீட்டுப் பிள்ளை வதந்தி கேட்டு வாசலைத் தாண்டுமுன் அவன் கையைப் பிடித்து நிறுத்துவோம். அண்டை வீட்டார் எம்மதத்தினராயினும் அவர்களைக் காப்போம். அதுவும் ஸபுர்தான்.

அந்தப் பொறுமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.