தலைக்கவசத்தை இராணுவக் கட்டளையாக்கிய வைத்தியர்

ஒட்டுசுட்டானில் நான் பார்க்கும் தலைக்கவசங்களில் பல தலையில் இருப்பதில்லை. கண்ணாடிக் கம்பியில் தொங்கும், அல்லது பெற்றோல் தாங்கியின் மேல் கிடக்கும். மாங்குளம் பக்கம் பொலிஸார் நிற்கிறார்கள் என்று எதிரே வருகிறவர் சைகை காட்டினால்தான் தலைக்கு ஏறும். பொலிஸாரின் தண்டப்பணத்துக்காகக் கண்டுபிடித்த பொருள் போலத்தான் அதை நடத்துகிறோம். உண்மையில் அதைக் கட்டாயமாக்கிய முதல் பெரிய கட்டளைகளில் ஒன்று ஓர் இராணுவத்தில் பிறந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஹியூ கெயர்ன்ஸ் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்.

கெயர்ன்ஸ் 1896இல் தென் அவுஸ்திரேலியாவின் போர்ட் பிரீ என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தகப்பன் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த மரத் தொழிலாளி. அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும்போதே முதலாம் உலகப்போர் வந்தது. படிப்பை இடைநிறுத்தி இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து, கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவில் வேலை செய்தார். பிறகு படிப்பை முடித்து, ரோட்ஸ் புலமைப்பரிசிலில் ஒக்ஸ்போர்ட் போனார். அங்கே படகோட்டத்திலும் பெயர் எடுத்தார். 1926இல் அமெரிக்காவின் பொஸ்டனுக்குச் சென்று, நவீன மூளைச் சத்திரசிகிச்சையின் முன்னோடியான ஹார்வி குஷிங்கிடம் ஒரு வருடம் பயின்றார். லண்டனுக்குத் திரும்பியபோது அந்தத் துறையில் தேர்ந்தவர்கள் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தார்கள்.

1935 மே 13ஆம் திகதி நடந்த ஒரு விபத்து அவரை மோட்டார் சைக்கிளின் பக்கம் இழுத்தது. அடிபட்டவர் அரேபியப் பாலைவனப் போரில் உலகப் புகழ் பெற்ற டி. ஈ. லோரன்ஸ். அந்தப் புகழிலிருந்து தப்புவதற்காகப் பெயரை மாற்றிச் சாதாரண விமானப்படை வீரனாகப் பல வருடம் இருந்தவர். ப்ரவ் சுப்பீரியர் என்ற அந்தக் காலத்து மிக வேகமான மோட்டார் சைக்கிள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்தார். சேவையிலிருந்து விலகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பொவிங்டன் இராணுவ முகாமில் தந்தி அடித்துவிட்டு வீடு திரும்பும் வழியில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மீது மோதாமல் விலத்தப் போய்த் தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. அழைக்கப்பட்ட நிபுணர்களில் கெயர்ன்ஸும் ஒருவர். ஆறு நாள் நினைவு திரும்பாமலே மே 19ஆம் திகதி லோரன்ஸ் இறந்தார். வயது 46.

இந்த மரணத்திலிருந்து தலைக்கவசச் சட்டம் நேராக வந்துவிட்டதுபோல் பலர் எழுதுகிறார்கள். இடையில் ஆறு வருடம் கிடக்கிறது என்பதை நான் கவனிக்கச் சொல்வேன். பெரிய மனிதர் ஒருவர் செத்தால் ஊர் அழும், பத்திரிகை எழுதும், அதோடு முடிந்துவிடும். கெயர்ன்ஸ் செய்தது வேறு வேலை. அவர் எண்ணத் தொடங்கினார்.

இரண்டாம் உலகப்போர் அதற்கு இடம் கொடுத்தது. பிரித்தானிய இராணுவம் செய்திகளைக் கொண்டுபோக ஏராளமான இளைஞர்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றியது. விமானக் குண்டுக்குப் பயந்து வீதி விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. போருக்கு முந்திய 21 மாதங்களில் பிரித்தானிய வீதிகளில் மோட்டார் சைக்கிளில் போய் இறந்தவர்கள் 1,884 பேர். போர் தொடங்கிய பின் வந்த 21 மாதங்களில் அது 2,279 ஆனது. எதிரியின் ஒரு குண்டும் படாமல், சொந்த நாட்டு வீதியிலேயே படைவீரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கெயர்ன்ஸ் பார்த்த காயங்களில் உயிரைக் குடித்தது பெரும்பாலும் தலைக்காயம். கவசம் அணிந்திருந்து அடிபட்டவர்கள் ஏழு பேர் மட்டுமே அவரிடம் வந்தார்கள். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள்.

ஏழு என்பது மிகச் சிறிய எண்தான். ஆனாலும் 1941 ஒக்டோபரில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அதை அவர் வெளியிட்டார். அடுத்த மாதமே, கடமையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் படையினர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று இராணுவம் கட்டளையிட்டது. அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. ஹொல்போர்ன் என்ற பௌதிகவியலாளரோடு சேர்ந்து, இறப்பர்க் கவசம் நல்லதா, அமுக்கிய கூழால் செய்த கவசம் நல்லதா என்று 1943இல் ஒப்பிட்டு எழுதினார். உடைந்த கவசங்களும் அவருக்குச் சாட்சியாகின. கவசம் நொருங்கினால் அது தோல்வி அல்ல, மண்டை வாங்க வேண்டிய அடியை அது வாங்கியிருக்கிறது. 1946இல் வந்த கட்டுரையில், கட்டளைக்குப் பின் படையினரின் மரணங்கள் குறைந்ததைக் காட்டினார்.

போரில் அவருடைய வேலை இதோடு நிற்கவில்லை. ஒக்ஸ்போர்டில் பெண்கள் கல்லூரி ஒன்றைத் தலைக்காய வைத்தியசாலையாக மாற்றினார். 13,000க்கும் மேற்பட்ட காயக்காரர் அங்கே சிகிச்சை பெற்றனர். வாகனங்களில் நகரும் சத்திரசிகிச்சைப் பிரிவுகளைப் போர்முனைக்கு அருகே அனுப்பினார். தலையில் அடிபட்டவரை நெடுந்தூரம் கொண்டுபோவதைவிட வைத்தியர் அவரிடம் போவது மேல் என்பது அவர் எண்ணம். பெரிய சிகிச்சைக்கு வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ நோயாளியை ஏற்றி அனுப்ப வேண்டிய ஊரில் இருப்பவனுக்கு அதன் அருமை விளக்காமலே புரியும். அந்தத் தூரத்தை நினைத்தாவது எங்கள் பையன்கள் கவசத்தின் வாரைப் பூட்டலாம். வார் பூட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னே கழன்று போய்விடும்.

கெயர்ன்ஸ் 1952 ஜூலையில் புற்றுநோயால் இறந்தார். இராணுவத்தில் ஒரே மாதத்தில் வந்த கட்டளை பிரித்தானியப் பொதுமக்களுக்குச் சட்டமாக வர 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.