சிறகை வெட்டாத அன்னை

ஓடாதே, மரத்தில் ஏறாதே, வேலியைத் தாண்டாதே, பெண்பிள்ளையாய் அடக்கமாக இரு என்ற சொற்களைக் கேளாமல் வளர்ந்தவர் நம்முள் எத்தனை பேர்? நாள்தோறும் முழங்காலில் ஒரு புதுக் காயத்தோடு வந்து நிற்கும் மகளைப் பெற்ற தாய்மார் படும் பாட்டையும் நாம் அறிவோம். அப்படிப்பட்ட ஒரு மகளையும் அவளை வளர்த்த அன்னையையும் பற்றி இங்கே காண்போம்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், அட்சிசன் என்னும் ஊரில், 1897ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் பிறந்தவர் அமீலியா ஏர்ஹார்ட். தந்தை எட்வின் வழக்கறிஞர். தாய் ஏமி ஒரு நீதிபதியின் மகள். இளமையில் 14,000 அடிக்கும் மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்தில் ஏறியவர்.

அந்நாளில் சிறுமியர் கவுன் அணிந்து, கை கட்டி அமர்ந்திருப்பதே அழகு என்று கருதப்பட்டது. ஏமியோ தம் இரு மகளுக்கும் ஓடியாட வசதியான காற்சட்டை உடைகளை அணிவித்தார். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தனர். பேத்தி வேலி தாண்டிக் குதிப்பதைக் கண்டு பாட்டியும் வருந்தினார்.

ஏழு வயதில் அமீலியா கொட்டகைக் கூரையிலிருந்து தரை வரை பலகைகளைச் சரிவாகப் பொருத்தி, வழுக்குவதற்குக் கொழுப்பைத் தடவி, மரப்பெட்டியில் அமர்ந்து பாய்ந்து வந்தாள். பெட்டி கவிழ்ந்தது. உதட்டில் காயம், உடையில் கிழிசல். ஆனால் எழுந்தவள் அழவில்லை. பறந்தது போல் இருந்ததாகத் தங்கையிடம் சொல்லி மகிழ்ந்தாள்! பெரியவர்கள் அந்தச் சரிவைப் பிரிக்கச் செய்தார்கள். ஆபத்தான பலகைகள் அகற்றப்பட்டன. மகளின் துணிவை மட்டும் யாரும் அகற்றவில்லை.

மற்றொரு நாள் பனிச்சறுக்கு வண்டியில் குப்புறப் படுத்து, மேட்டிலிருந்து இறங்கினாள். எதிரே குதிரை வண்டி குறுக்கிட்டது. குதிரையின் கால்களுக்கிடையே நுழைந்து உயிர் தப்பினாள். பெண்பிள்ளைகளுக்கு உரிய முறை என்று சொல்லப்பட்டபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், தலை குதிரையின் மேல் மோதியிருக்கும்.

ஏமியின் வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. கணவரின் குடிப்பழக்கத்தால் வேலை போயிற்று. ஊர் ஊராக மாற நேர்ந்தது. அந்த நிலையிலும், 1921ஆம் ஆண்டில் மகள் விமானம் ஓட்டக் கற்று, சொந்த விமானம் வாங்க விரும்பியபோது, அன்னை பண உதவி செய்தார். மஞ்சள் வண்ணம் பூசிய அந்தச் சிறு விமானத்தில் 1922ஆம் ஆண்டில் 14,000 அடி உயரம் பறந்து, பெண்களுக்குள் சாதனை படைத்தார் அமீலியா. பெற்றோர் பிரிந்தபோது, 1924இல் அன்னையைக் காரில் ஏற்றிக்கொண்டு, கலிபோர்னியாவிலிருந்து கிழக்குக் கரை வரை தாமே ஓட்டிச் சென்றார்.

1928இல் பயணியாக வான்வழி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் பெண்மணி ஆனார். 1932ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் தனியொருவராகப் புறப்பட்டார். இறக்கைகளில் பனிக்கட்டி படிந்தது. உயரங்காட்டும் கருவி பழுதுற்றது. ஆயினும் ஏறத்தாழ 15 மணி நேரம் பறந்து, மறுநாள் வட அயர்லாந்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். அட்லாண்டிக்கைத் தனியே வான்வழி கடந்த முதல் பெண் அவரே.

1937இல் உலகைச் சுற்றிப் பறக்கப் புறப்பட்டவர், ஜூன் மாதத்தில் கராச்சியிலும் கல்கத்தாவிலும் இறங்கிச் சென்றார். ஜூலை 2ஆம் நாள் நியூகினியின் லே நகரிலிருந்து, வழிகாட்டி பிரெட் நூனனுடன், ஹவ்லண்ட் தீவை நோக்கிப் பறந்தார். பசிபிக் கடலின் மேல் சென்ற விமானம் அத்தீவை அடையவேயில்லை. கடற்படை இரண்டு வாரங்களுக்கு மேல் தேடியும் பயனில்லை.

பெற்ற மனம் பித்து என்பார்கள். மகள் என்றேனும் வந்துவிடுவாள் என்று, அவளுக்கு வேண்டிய துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கி வைத்துக் காத்திருந்தாராம் ஏமி. 1962ஆம் ஆண்டில், 93ஆம் வயதில் அவர் கண்மூடினார். மகள் மறைந்து 25 ஆண்டுகள் கடந்திருந்தன.

அடக்கி வளர்த்திருந்தால் மகள் பிழைத்திருப்பாள் அல்லவா என்று சிலர் கேட்கலாம். பிழைத்திருக்கலாம். ஆனால் பெண்ணாலும் முடியும் என்று உலகுக்குக் காட்டிய அமீலியாவாக இருந்திருக்கமாட்டாள். பிள்ளையின் காயத்துக்கு மருந்திடுவது எல்லாத் தாய்மாரும் செய்வதே. மருந்திட்ட பின் மறுபடி விளையாட அனுப்புவதற்குத்தான் பெரும் துணிவு வேண்டும்.

தோழியரே, நாம் வெளியே ஓடும்போதெல்லாம் வாசலில் நின்று பார்க்கும் கண்கள் இரண்டு உண்டு. துணிந்து செல்வோம், ஆனால் அந்தக் கண்களை மறவாதிருப்போம்.