அடுத்த சீசனுக்கு யார், எவ்வளவுக்கு?

2024 நவம்பரில் ஜெட்டாவில் ஐபிஎல் மெகா ஏலம் நடந்த ரெண்டு நாளும் ஹாஸ்டலில் யாரும் ரெக்கார்டு நோட்டைத் திறக்கவில்லை. அணிக்கு 120 கோடி, அதிகபட்சம் 25 பேர். தோனியை ‘அன்கேப்டு’ கணக்கில் 4 கோடிக்கு வெச்சுக்கிட்டது சென்னையின் சாமர்த்தியமா, பாசமா என்று விடிய விடிய சண்டை. ஆளுக்கொரு எக்ஸெல் ஷீட். அந்த ஷீட்டுக்கெல்லாம் ஒரு கொள்ளுத்தாத்தா இருக்கிறார். நூறு வருஷத்துக்கு முன்னாடியே, அடுத்த சீசனுக்கு யாரை வைப்பது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு என்பதை ஒரு முழுநேரத் தொழிலாக மாற்றியவர்.

கிரிக்கெட்காரர் இல்லை, பேஸ்பால்காரர். பெயர் பிராஞ்ச் ரிக்கி. ‘42’ படம் பார்த்தவர்களுக்கு ஹாரிசன் ஃபோர்டின் முகத்தில் இவரைத் தெரியும்: கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனுக்குக் கதவைத் திறந்துவிட்ட நல்ல கிழவர். அது உண்மைதான். ஆனா அவருடைய கணக்கு நோட்டு படத்தில் கொஞ்சம்தான் வருது. எனக்கு அந்த நோட்டுதான் சுவாரசியம். சங்கடமும் அதில்தான்.

1881 டிசம்பர் 20 அன்று தெற்கு ஓஹியோவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கடுமையான மெதடிஸ்ட் வீடு. ஞாயிற்றுக்கிழமை விளையாட மாட்டேன் என்று வீரராக இருந்தபோதே சொல்லிவிட்டார். பின்னாளில் பெரிய பொறுப்புக்கு வந்தபிறகும் ஞாயிறு ஆட்டத்துக்கு வருவதில்லை. ஞாயிறு டிக்கெட் காசு மட்டும் கணக்கில் வந்துவிடுகிறதே என்று பத்திரிகைக்காரர்கள் ஓட்டித் தள்ளினார்கள்.

ஆட்டக்காரராக அவர் பெரிய ஆள் இல்லை. கேட்சர், அதாவது நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. 1907-ல் நியூயார்க் அணிக்காக ஆடியபோது ஓர் ஆட்டத்தில் மட்டும் எதிரணி இவரை ஏமாற்றி 13 முறை பேஸ் திருடியது. அதற்குப் பிறகு காசநோய். தேறி வந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து முடித்தார்.

நடுவில், ஓஹியோ வெஸ்லியன் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராக இருந்த காலத்துச் சம்பவம் ஒன்றை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். சவுத் பெண்ட் ஊரில் ஒரு ஓட்டலில், அணியின் கறுப்பினக் கேட்சர் சார்லஸ் தாமஸுக்கு அறை தர மறுத்துவிட்டார்கள். ரிக்கி வாக்குவாதம் செய்து தன் அறையிலேயே ஒரு கட்டில் போட வைத்தார். ராத்திரி அந்தப் பையன் தன் கைகளைத் தேய்த்துத் தேய்த்து, இந்த நிறம் மட்டும் போயிட்டா என்று அழுதானாம். சொல்லச் சொல்லக் கதை கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். ஆனா அவர் அதை மறக்கவே இல்லை.

1917-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு வந்தார். கையில் காசே இல்லாத அணி. ஆபீசுக்குப் பெரிய மனிதர் யாராவது வந்தால், வீட்டிலிருந்து கம்பளத்தைக் கொண்டுவந்து விரிப்பார் என்பார்கள். அப்போது நடைமுறை என்னவென்றால், சின்ன ஊர் அணிகள் இளம் வீரர்களை வளர்த்து, பெரிய அணிகளுக்கு விற்கும். ரிக்கிக்கு ஆளைப் பார்த்தாலே தேறுவானா மாட்டானா என்று தெரியும். அதுவே அவருக்கு வினையானது. அவர் ஒரு பையனுக்கு விலை கேட்டால் போதும், ரிக்கியே கேட்கிறார்னா இவன் நல்ல சரக்கு என்று அந்தச் சின்ன அணி நியூயார்க் மாதிரி பணக்கார அணிக்குத் தந்தி அடித்து அதிக விலைக்குத் தள்ளிவிடும். கண்டுபிடிப்பது இவர், வாங்குவது அவர்கள்.

இதற்கு அவர் கண்ட வழி, கலவை, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று புரியும். ஃபினிஷ்டு லெதரை வாங்கக் காசு இல்லாதவன் என்ன செய்வான்? பச்சைத் தோலை வாங்கித் தானே பதப்படுத்துவான். பச்சைத் தோலில் எது தேறும், எது தேறாது என்று முழுசாகத் தெரியாது. மயிர் போய், வெட் ப்ளூ ஆன பிறகுதான் கீறலும் உண்ணிக்கடி வடுவும் வெளியே வரும். அதனால் நிறைய வாங்கணும், பிறகு தரம் பிரிக்கணும். முதல் தரத்தை வைத்துக்கொண்டு மற்றதை விற்கணும். ரிக்கி செய்தது அச்சு அசல் இதுதான். ஹூஸ்டன், ஃபோர்ட் ஸ்மித், சிரக்யூஸ் அணிகளில் பங்கு வாங்க ஆரம்பித்தார். பிறகு ஊர் ஊராகத் திறந்த தேர்வு முகாம்கள். பையன்களை மிகக் குறைந்த சம்பளத்தில் கூட்டமாக எடுத்துக் கீழ்மட்ட அணிகளில் போட்டார். தேறியவர்கள் படிப்படியாக மேலே வந்தார்கள். இதற்கு ‘ஃபார்ம் சிஸ்டம்’ என்று பெயர் வந்தது. 1930-களின் கடைசியில் 30-க்கும் மேற்பட்ட அணிகள் கார்டினல்ஸ் கைக்குள் இருந்தன. மேலே இருந்த இடமோ சுமார் 25.

பலன் கண்ணெதிரே தெரிந்தது. கம்பளம் இல்லாத அந்த அணி 1926, 1931, 1934, 1942 என நான்கு முறை வேர்ல்டு சீரிஸ் ஜெயித்தது.

அவருடைய இன்னொரு விதி: ஒரு வீரனை ஒரு வருஷம் தாமதமாக விற்பதைவிட ஒரு வருஷம் முன்கூட்டி விற்பது மேல். உதாரணம் டிஸ்ஸி டீன். 1934-ல் ஒரே சீசனில் 30 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்த பிட்சர், ஊரே கொண்டாடிய ஆள். 1937-ல் கால் விரல் உடைந்தது. வலியோடு வீசும் முறையை மாற்றிக்கொண்டதில் தோளும் போனது. 1938-ல் ரிக்கி அவரை சிகாகோ கப்ஸுக்கு விற்றார். 1,85,000 டாலரும் மூன்று வீரர்களும் வந்தார்கள். டீன் அதற்குப் பிறகு பழைய டீனாக ஆகவே இல்லை. மேனேஜ்மென்ட் வகுப்பில் சொல்லிக்கொடுக்கத் தோதான கணக்குதான். டீன் பக்கமிருந்து பார்த்தால் அது வேற கதை.

சம்பள விஷயத்துக்கு வருவோம். அந்தக் கால ஒப்பந்தத்தில் ‘ரிசர்வ்’ என்று ஒரு பிரிவு உண்டு. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். ஆனா முடிந்தபிறகும் வீரன் அந்த அணிக்கே சொந்தம். அவர்கள் சொல்லும் தொகைக்குக் கையெழுத்துப் போடணும், இல்லைன்னா வீட்டில் உட்காரணும். வேறு அணிக்குப் போக முடியாது. ப்ளேஸ்மென்ட்ல ரெண்டு வருஷ பாண்டுக்கே நாம எவ்வளவு புலம்புறோம்! அது ஆயுள் பாண்டு. இதோடு ஃபார்ம் சிஸ்டமும் சேர்ந்தால் என்ன ஆகும்? சம்பளம் கூட்டிக் கேட்டால், உன் இடத்துக்குக் கீழே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்று ரிக்கி காட்டலாம். 30 வெற்றி தந்த அந்த 1934-ல் டீனின் சம்பளம் 7,500 டாலர். வீரரை விற்றால் வரும் லாபத்தில் ரிக்கிக்குத் தனிப் பங்கு வேறு. அப்புறம் அந்தக் கீழ்மட்டத்தில் தங்கிப்போன நூற்றுக்கணக்கான பையன்கள்? மேலேயும் வர முடியாமல், வேறு அணிக்கும் போக முடியாமல் வயசு போனவர்கள். 1938-ல் பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ், விதிமீறல் என்று சொல்லி அப்படி 70-க்கும் மேற்பட்ட கார்டினல்ஸ் வீரர்களை ஒரே உத்தரவில் விடுவித்தார்.

1942 கடைசியில் ரிக்கி புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு மாறினார். உலகப்போர் காலம். மற்ற அணிகள் ஆள் தேடும் செலவைக் குறைத்தபோது இவர் கூட்டினார். பட்டாளத்துக்குப் போகிற வயசுப் பையன்களையும் எடுத்து வைத்தார். திரும்பி வந்தால் நமக்கு என்ற கணக்கு. யாரும் கை வைக்காத இன்னொரு பெரிய இருப்பும் அவர் கண்ணில் இருந்தது. பெரிய லீகில் பல பத்தாண்டுகளாகக் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. எழுதாத விதி. அவர்களுக்குத் தனி லீகுகள், அங்கே அசாத்தியமான திறமை.

1945 ஆகஸ்ட் 28 அன்று கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் வீரர் ஜாக்கி ராபின்சனைத் தன் ஆபீசுக்கு வரவழைத்தார். மூணு மணி நேரம். மைதானத்தில், ரயிலில், ஓட்டலில் என்னென்ன வசை வரும் என்று ரிக்கியே நடித்துத் திட்டிக் காட்டினார். திருப்பி அடிக்காமல் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடிவில் 3,500 டாலர் முன்பணம், மாதம் 600 டாலர். ஒரு வருஷம் மான்ட்ரியலில். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் புரூக்ளினுக்காக இறங்கினார். அந்த வருஷச் சம்பளம் 5,000 டாலர், அதாவது லீகின் குறைந்தபட்சம். அவரைப் பார்க்கவே கூட்டம் அலைமோதியது. அணி அந்த வருஷமே லீக் பட்டம் வென்றது.

இதில் படம் சொல்லாத ஒரு வரி இருக்கிறது. ராபின்சனுக்காக மோனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு சென்ட்கூடக் கொடுக்கவில்லை. அவர்களிடம் முறையான ஒப்பந்தம் இல்லை என்பது அவர் வாதம். டான் நியூகோம்பை எடுத்தபோதும் அதே கதை. நியூவார்க் ஈகிள்ஸ் அணியை நடத்திய எஃபா மேன்லி என்ற பெண்மணி வெளிப்படையாகச் சண்டை போட்டார். அதே மேன்லியிடமிருந்து லேரி டோபியை எடுத்த கிளீவ்லாண்ட் உரிமையாளர் பில் வீக் பணம் கொடுத்தார். ஆக, கொடுத்திருக்க முடியும். சார்லஸ் தாமஸை மறக்காத மனிதரும், கறுப்பினத்தவர் நடத்திய அணிக்குக் காசு தராத மனிதரும் ஒரே ஆள்தான். ஒன்றை வைத்து மற்றதை மறைக்க எனக்கு மனசு வரலை.

டாட்ஜர்ஸில் அவர் செய்த இன்னொரு வேலை நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரம். 1947-ல் ஆலன் ராத் என்ற கனடாக்காரரை முழுநேரப் புள்ளியியலாளராகச் சேர்த்தார். பேட்டிங் சராசரியைவிட, எத்தனை முறை ஒருவன் எப்படியாவது பேஸை அடைகிறான் என்பதே முக்கியம் என்று இருவரும் கண்டார்கள். 1954-ல் லைஃப் பத்திரிகையில் ஒரு நீளச் சமன்பாட்டையே போட்டு ரிக்கி கட்டுரை எழுதினார். யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. அரை நூற்றாண்டு கழித்து ‘மணிபால்’ வந்தபோது எல்லாரும் அதைப் புதுசு என்று நினைத்தார்கள்.

கூட்டாளி வால்டர் ஓமாலியோடு ஒத்துவராமல், 1950-ல் தன் பங்கைச் சுமார் பத்து லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குப் போனார். அங்கே முதலில் கிடைத்தது அவமானம். 1952-ல் 42 வெற்றி, 112 தோல்வி. அணியில் ஒரே நட்சத்திரம் ரால்ஃப் கைனர். ஏழு வருஷம் தொடர்ந்து லீகில் ஹோம் ரன் முதலிடம். ரிக்கி அவருடைய சம்பளத்தைக் குறைத்தார். காரணம் எளிமை: நீ இருந்தும் கடைசி இடம்தான், நீ இல்லாமலும் கடைசி இடம் வரலாம். 1953-ல் அவரை விற்றும்விட்டார். பிட்ஸ்பர்க் ரசிகர்கள் கொதித்தார்கள்.

அப்புறம் 1954. முன்பணம் 4,000 டாலரைத் தாண்டினால் அந்தப் பையனைப் பெரிய அணியிலேயே வைத்திருக்கணும், இல்லைன்னா சீசன் முடிவில் மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்போது ஒரு விதி. புவேர்ட்டோ ரிக்கோ பையன் ஒருவனுக்கு 10,000 டாலர் கொடுத்த டாட்ஜர்ஸ், அவனை மான்ட்ரியலில் போட்டிருந்தது. வேறொரு பிட்சரைப் பார்க்கப்போன ரிக்கியின் ஆள் கிளைட் சுக்ஃபோர்த், பயிற்சியில் அவன் பந்து எறிவதைப் பார்த்துவிட்டார். கடைசி இடத்துக்கு வந்த அணிக்கே முதல் வாய்ப்பு. 4,000 டாலருக்கு ரொபர்ட்டோ கிளெமென்டே பிட்ஸ்பர்க் வந்தார். தோற்றதிலும் ஒரு வரவு!

1955-ல் ரிக்கி பொறுப்பிலிருந்து விலகியபோதும் அணி கடைசி இடத்தில்தான் இருந்தது. 1960-ல் கிளெமென்டே, டிக் குரோட், பில் மசெராஸ்கி என்று அவர் சேர்த்துவைத்த பெயர்களோடு அதே அணி யாங்கீஸை வீழ்த்தி வேர்ல்டு சீரிஸ் ஜெயித்தது. பட்டியலைப் போட்டவர் அப்போது அங்கே வேலையில் இல்லை.

1965 நவம்பர் 13 அன்று மிசௌரியில் ஒரு பாராட்டு விழா மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். நினைவு திரும்பாமல் டிசம்பர் 9 அன்று இறந்தார். 84-க்கு 11 நாள் பாக்கி.

ரிசர்வ் பிரிவு இல்லாவிட்டால் பேஸ்பாலே இருக்காது என்று கடைசிவரை நம்பியவர் அவர். அவர் போய் நாலு வருஷத்தில், தன்னைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க முடியாது என்று ஒரு வீரர் கோர்ட்டுக்குப் போனார். கர்ட் ஃபிளட், கறுப்பினத்தவர். உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். ஆனா 1975-ல் வேறு இரண்டு பிட்சர்களின் வழக்கில் அந்தப் பிரிவு உடைந்தது. ஃபிளட் ஆடிக்கொண்டிருந்த அணி எது தெரியுமா? செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்.