லெனின்கிராட்டின் கணிதமேதை

எந்தக் களஞ்சியத்திலிருந்து எந்த ஊருக்கு, எந்தப் பாதையால் பொருளை அனுப்பினால் செலவு மிகக் குறையும் என்ற வினா வணிகத்தைப் போலவே பழைமையானது. கணித வழியில் அதற்கு விடைகாண வகைசெய்தவர்களுள் முதன்மையானவர் சோவியத் அறிஞரான லியோனிட் கன்டரோவிச். அவர் எழுதிய முக்கிய நூல் ஒன்று அச்சேற 17 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்த கதையை நாம் இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

பின்னாளில் லெனின்கிராட் எனப் பெயர்பெற்ற சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் 1912 இல் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த கன்டரோவிச், 14 வயதில் பல்கலைக்கழகம் புகுந்து 22 வயதில் பேராசிரியரானார். 1938 இல் ஒட்டுப்பலகை உற்பத்தி நிறுவனமொன்று அவரது ஆலோசனையை நாடியது. எட்டு இயந்திரங்கள், ஐந்து வகை மூலப்பொருள்கள். எதனை எதற்கு ஒதுக்குவது? வழமையான முறையில் இதனைத் தீர்க்கக் கோடிக்கணக்கான சமன்பாட்டுத் தொகுதிகளை ஆராய வேண்டியிருந்தது. அவரோ புதியதொரு வழியைக் கண்டு, 1939 இல் சிறுநூலாக வெளியிட்டார்.

அடுத்து கவுரின் என்பவருடன் இணைந்து புகையிரதச் சரக்குப் போக்குவரத்தை ஆராய்ந்தார். ஒவ்வொரு நிலையத்திலும் பொருளுக்கு ஒரு மதிப்பெண் இடப்படும். இரு நிலையங்களின் மதிப்பெண்களுக்கிடையிலான வேறுபாடு, அவற்றுக்கிடையே பொருளை ஏற்றிச்செல்லும் செலவை விஞ்சுமாயின் அத்திட்டம் இன்னும் திருத்தத்தக்கது; எங்கும் விஞ்சாது, பொருள் செல்லும் பாதைகளில் மட்டும் சமமாயிருப்பின் அதனிலும் சிறந்த திட்டம் இல்லை. எளிமையான இவ்விதி அச்சில் வந்தது 1949 இலேயே.

இடையில் யுத்தம் மூண்டது. 1941 இல் ஜேர்மன் படைகள் லெனின்கிராட்டை முற்றுகையிட்டபோது, குளிர்காலத்தில் உணவு வந்துசேர உறைந்த லடோகா ஏரியே பெருவழியாயிற்று. பனிக்கட்டியின் தடிப்பையும் வெப்பநிலையையும் கொண்டு, லொறிகள் எவ்வளவு இடைவெளியில் செல்ல வேண்டும் எனக் கணித்தவர் கன்டரோவிச். பசியால் மாண்டுகொண்டிருந்த நகருக்கு அக்கணிப்பின் பெறுமதியை நாம் விளக்கத் தேவையில்லை.

1942 இல், நாடு முழுவதன் வளங்களையும் பங்கிடும் முறைபற்றிய தமது நூலை எழுதி முடித்தார். திட்டமிடல் அதிகாரிகள் அதனை நிராகரித்தனர். அவரது மதிப்பெண்கள் சந்தை விலையைப் போல் தோன்றின. உழைப்பே பெறுமதியின் மூலம் என்ற கோட்பாட்டுக்கு அவை முரணெனக் கருதப்பட்டன. ஸ்டாலின் காலத்தில் இத்தகைய குற்றச்சாட்டு உயிருக்கே உலைவைக்கக்கூடியது. ஆபத்தை உணர்ந்து அவர் தூய கணிதத்துக்குத் திரும்பினார். நூல் 1959 இல்தான் வெளிவந்தது.

லெனின்கிராட்டின் புகையிரதப் பெட்டித் தொழிற்சாலையொன்று அவரது முறைப்படி உருக்குத் தகடுகளை வெட்டி, கழிவைப் பெரிதும் குறைத்தது. விளைவு? கழிவிரும்பு ஒப்படைக்கும் இலக்கை எட்டவில்லை என்று அத்தொழிற்சாலை சிக்கலில் மாட்டிக்கொண்டது! திட்டமிடுவோரின் விசித்திரம் அப்படி.

1975 இல் பொருளியலுக்கான நோபல் பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டவர், நெதர்லாந்தில் பிறந்த அமெரிக்கரான கூப்மன்ஸ். யுத்த காலத்தில் வொஷிங்டனிலிருந்து வணிகக் கப்பல்களின் பயணங்களை ஆராய்ந்த அவர், கன்டரோவிச்சின் ஆய்வுகளை அறியாமலே அதே முடிவை எட்டியிருந்தார். 1939 ஆம் ஆண்டின் அச்சிறுநூல் 1960 இல் ஆங்கிலத்தில் வெளிவரக் காரணமாயிருந்தவரும் அவரே. கன்டரோவிச் 1986 இல் மொஸ்கோவில் காலமானார்.