ஆற்றைக் கிழக்கே திருப்பியவர்

சின்னக்கானல் மலைச்சரிவில் பெய்யும் மழை பன்னியாறாக இறங்கி, முதிரப்புழையாற்றோடு கூடிப் பெரியாற்றில் கலந்து, மேற்கே அரபிக்கடலைச் சேர்கிறது. இம்மலைத்தொடரின் கிழக்கு விளிம்பில் நின்று நோக்கினால், கீழே தேனி மாவட்டத்துச் சமவெளி விரிந்து கிடப்பதைக் காணலாம். மேற்கே மழைக்குக் குறைவில்லை. கிழக்கே மேகத்தை அண்ணாந்து பார்த்தே உழவர் காலம் கழித்தனர். மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்று நீரில் ஒரு பகுதியைக் கிழக்கே கொண்டுவர இயலுமா என்ற கேள்வி மிகப் பழையது. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்து இருளப்பப் பிள்ளை, மலையை ஆராய்ந்து வர ஆட்களை அனுப்பினார். பெரும்பொருள் வேண்டும் என்று அறிந்து அம்முயற்சி கைவிடப்பட்டது. 1808இல் ஆராய்ந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரோ, இஃது ஆகாத வேலை என்றே எழுதிவிட்டார். ஆகாத வேலை என்று ஏட்டில் ஏறிய அதனை ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் செய்து முடித்தவர் ஜான் பென்னிகுயிக்.

பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையார் ஸ்காட்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த படைத்தலைவர். சீக்கியருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த சிலியன்வாலாப் போரில் அவரும், படையில் பணியாற்றிய அவருடைய மகன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் மாண்டனர். அந்நாள் 1849 சனவரி 13. இரண்டு நாள் கழித்து இளைய மகன் ஜானுக்கு எட்டு வயது நிரம்பியது.

இங்கிலாந்தில் செல்ட்டனம் கல்லூரியிலும், பின்னர் அடிஸ்கோம் படைக்கல்லூரியிலும் பயின்ற அவர், தந்தையைப் போலப் போர்க்களத் தலைமையை நாடவில்லை. பொறியாளராக 1860இல் சென்னை மாகாணத்திற்கு வந்து, பொதுப்பணித் துறையில் அமர்ந்தார்.

பெரியாற்றைத் திருப்புவதற்கு அவருக்கு முன்னரே சிலர் திட்டம் வகுத்திருந்தனர். 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய பெரும்பஞ்சம் அத்திட்டங்களை நிறுத்தி வைத்தது. எனினும், நீரின்றி மக்கள் மடிவதைக் கண்ட பின்னர் அவற்றை மறந்திருக்கவும் இயலவில்லை. 1882இல், பழைய திட்டங்களைத் திருத்திப் புதிய மதிப்பீடு அணியமாக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் வகுத்த திட்டத்தின் நுட்பம் எளிது. ஆனால் பலரும் அதனைத் தவறாகவே எண்ணுகின்றனர். அணை நீரைத் தேக்குவதற்கு மட்டும் கட்டப்பட்டதன்று. ஆற்றை உயர்த்துவதற்குக் கட்டப்பட்டது. நீர்மட்டம் 104 அடியைத் தாண்டினால்தான் கிழக்குக் கரையிலுள்ள வாய்க்காலுக்கு எட்டும். அங்கிருந்து மலையைக் குடைந்த, ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே நீர் தானாகவே இறங்கிச் சுருளியாற்றையும் வைகையையும் அடையும். எந்த எந்திரமும் அதனை இறைக்க வேண்டுவதில்லை.

அணை அமையும் இடம் திருவிதாங்கூர் மன்னருக்கு உரியது. 1886 அக்டோபர் 29ஆம் நாள், 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் ஆண்டு வாடகையில், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெறப்பட்டது. இவ்வொப்பந்தம் நேர்மையானதா என்ற வழக்கு இன்றளவும் இரு மாநிலங்களுக்கிடையே உண்டு. அது தனியே ஆராயத்தக்கது.

1887இல் பணி தொடங்கியது. அடர்ந்த காடு, யானைகள் நடமாடும் வழி, ஊரோ சந்தையோ அருகில் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்த கூலியாட்களும், சென்னைப் படையின் பயனியர் வீரர்களும், கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசியத் தச்சர்களும் அங்குக் கூடினர். சுண்ணாம்பும், செங்கல்லைச் சுட்டுப் பொடித்த சுர்க்கியும், மணலும், கல்லும் சேர்த்த கலவையே அணையின் உடலாயிற்று. சுண்ணாம்புக் கல்லை மலையடிவாரத்திலிருந்து மேலே கொண்டு சேர்ப்பதே தனியொரு பெரும்பணி.

இவற்றையெல்லாம் விடக் கொடியவை இரண்டு. ஒன்று மலைக்காய்ச்சல். மற்றொன்று வெள்ளம். ஆற்றின் நடுவே அடித்தளம் இட வேண்டுமாயின் ஓடும் நீரை முதலில் ஒதுக்க வேண்டும். அதற்கென எழுப்பிய தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. பல வாரங்களின் உழைப்பு ஓரிரவில் மறைந்தது. பென்னிகுயிக் மறுபடியும் தொடங்கினார்.

அணை உடைந்தபோது அரசு கைவிரித்தது என்றும், அவர் இங்கிலாந்தில் இருந்த சொத்துகளை விற்றுப் பணியை முடித்தார் என்றும் ஒரு கதை மக்களிடையே வழங்குகிறது. கேட்போர் நெஞ்சை உருக்கும் கதைதான். ஆயினும் வரலாற்று ஆவணங்கள் இதற்குத் துணை நிற்கவில்லை. பணியை மேற்கொண்டதும் செலவை ஏற்றதும் சென்னை மாகாண அரசே. அவர் கொடுத்தது வேறு: தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகள். அக்கதை இல்லாமலும் அவர் பெருமை குறைவதில்லை. அணையருகே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. உயிரையே கொடுத்தவர்கள் அங்கே உறங்குகின்றனர். அப்பணியில் மாண்ட கூலியாட்களுள் பெரும்பாலோர் பெயர் எந்தப் பாடநூலிலும் இடம்பெறவில்லை.

176 அடி உயரமும் 1,200 அடி நீளமும் கொண்டு அணை எழுந்தது. 1895 அக்டோபர் 10ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். அரபிக்கடலுக்குச் சென்ற நீரின் ஒரு பகுதி அன்று முதல் மலையைக் கடந்து மதுரைச் சீமையை நோக்கி ஓடலாயிற்று. இன்று தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்கள் அந்நீரால் பயன்பெறுகின்றன.

மறு ஆண்டே பென்னிகுயிக் இந்தியாவை விட்டுச் சென்றார். இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக 1899 வரை பணியாற்றினார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தார் வெள்ளத்தடுப்புக்கு அவருடைய அறிவுரையை நாடினர். காட்டாற்று வெள்ளத்தோடு அத்தனை ஆண்டு போராடியவரை அவர்கள் தேடியதில் வியப்பில்லை. 1911 மார்ச் 9ஆம் நாள் கேம்பர்லி நகரில் காலமானார். அருகிலுள்ள பிரிம்லியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் பயின்ற நாட்டுக்குப் புறத்தே வளர்ந்த புகழ் அவருடையது. இங்கிலாந்தில் அவர் பெயரை அறிந்தோர் சிலரே. கம்பம் பள்ளத்தாக்கிலோ பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகின்றனர். வீடுகளில் அவர் படத்தை மாட்டி வைக்கின்றனர். 2013இல் தமிழ்நாடு அரசு லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பியது. 2022இல் கேம்பர்லி நகரிலும் தமிழ்நாட்டின் சார்பில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. தைப்பொங்கலையொட்டி வரும் அவருடைய பிறந்தநாளில், தேனி மாவட்டத்து உழவர்கள் புதுப்பானை வைத்து, பெரியாற்று நீரில் விளைந்த அரிசியைப் பொங்கி அவர் படத்தின் முன் படைக்கின்றனர்.