பூட்டைத் திறந்த வைத்தியர்

திருடியவனைச் சிறையிலடைக்கச் சாட்சி வேண்டும், விசாரணை வேண்டும், தீர்ப்பு வேண்டும். தண்டனைக்குக் கால வரம்பும் உண்டு. சித்தம் கலங்கியவன் விஷயத்திலோ முறை வேறாக இருந்தது. இத்தாலி தேசத்தில் 1904-ம் வருஷத்துச் சட்டப்படி, ஒருவனால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று ஒரு வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுத்தால், அவசரமென்று சொல்லி அதிகாரிகள் அவனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்துவிடலாம். நியாயஸ்தலத்தின் உத்தரவு பின்னால் வரும். குற்றவாளிகளுக்குரிய பதிவேட்டில் அவன் பெயரும் ஏறும். விடுதலைக்கு நாள் குறிப்பாரில்லை. இந்த அநியாயத்தை எதிர்த்து நின்ற ஒரு வைத்தியரின் சரித்திரத்தை இன்று நம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பிராங்கோ பஸாலியா 1924-ம் வருஷம் வெனிஸ் நகரத்தில் பிறந்தார். வைத்திய மாணாக்கராயிருந்தபோது பாஸிஸ்ட் ஆட்சியை எதிர்த்த வாலிபர்களோடு சேர்ந்து, 1944-ம் வருஷக் கடைசியில் கைதாகி, யுத்தம் முடியும் வரையில் சிறையிலிருந்தார். சிறையின் நாற்றமும், எண்ணிப் பூட்டப்படும் அவமானமும் அவருக்குக் கேள்விப்பட்ட விஷயங்களல்ல, அனுபவித்தவை. பிறகு பதுவா சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, அங்கேயே பன்னிரண்டு வருஷ காலம் மனோவியாதி சாஸ்திரத்தில் உழைத்தார்.

1961-ல் அன்றைய யூகோஸ்லாவிய எல்லையோரத்திலிருந்த கொரீட்சியா நகரத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத் தலைவராகப் போனார். உள்ளே கால் வைத்ததும் பழைய சிறை அவர் நினைவுக்கு வந்தது. அன்றிரவு யார் யாரைக் கட்டிலோடு கட்டிவைத்தார்கள் என்று எழுதிய ஏட்டை ஊழியர் கையெழுத்துக்காக நீட்டினார். பஸாலியா கையெழுத்திட மறுத்தார். அவருடைய வாழ்நாள் வேலை அந்த மறுப்பிலே ஆரம்பமாயிற்று என்று நாம் கருதுகிறோம். கட்டுகள் அவிழ்ந்தன, வார்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. வைத்தியர்கள் வெள்ளை அங்கியைக் களைந்து, நோயாளிகளோடு ஒரே சபையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் காரியங்களைப் பேசித் தீர்மானித்தார்கள். 1968-ல் வெளியான ஒரு சட்டம், நோயாளி தன் விருப்பத்தாலேயே வந்து சிகிச்சை பெறவும் இடமளித்தது. குற்றப் பதிவேட்டில் பெயர் ஏற்றும் வழக்கத்தையும் ஒழித்தது.

ஆனால் அதே வருஷத்தில் பெருந்துயரம் நேர்ந்தது. ஒரு நாள் விடுப்பில் வீடு சென்ற நோயாளி ஒருவர் தம் மனைவியைக் கொன்றுவிட்டார். பஸாலியா குற்றஞ்சாட்டப்பட்டார். முடிவில் விடுதலை பெற்றார். இந்தச் சம்பவத்தை மறைத்து அவரைப் புகழ்வது நியாயமாகாது. ஓர் உயிர் போனது போனதுதான். எனினும், ஒருவர் செய்த செயலுக்காக நூற்றுக்கணக்கானவர்களை ஆயுள் முழுவதும் பூட்டிவைப்பது நீதியாகுமா? சிறை விஷயத்தில் நாம் ஒப்பாத நியாயத்தை ஆஸ்பத்திரி விஷயத்தில் மட்டும் எப்படி ஒப்புவது?

1971-ல் திரியெஸ்த் நகரத்து ஸான் ஜொவானி ஆஸ்பத்திரி அவர் பொறுப்புக்கு வந்தது. அங்கே ஏறக்குறைய 1,200 பேர் இருந்தார்கள். பலவந்தமாக வைக்கப்பட்டிருந்தவர்களில் பலரை, தம் இஷ்டப்படி தங்கும் விருந்தாளிகள் என்ற நிலைக்கு மாற்றினார். கூலியின்றி உழைத்த நோயாளிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மற்றத் தொழிலாளரைப் போலச் சம்பளம் பெற்றனர். 1973-ல் நோயாளிகளும் ஊழியர்களும் சேர்ந்து ஒரு பெரிய நீலக் குதிரையைக் காகிதக் கூழாலும் மரத்தாலும் செய்தார்கள். பல வருஷம் ஆஸ்பத்திரியின் சலவை வண்டியை இழுத்த மார்க்கோ என்னும் குதிரையின் ஞாபகமாக அதற்குப் பெயரிட்டார்கள். பொம்மை வாசலைவிடப் பெரிதாயிருந்தது. வாசலை உடைத்து அதை வெளியே இழுத்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள்.

வாசல் திறந்ததோடு அவர் வேலை தீரவில்லை. நகரத்தைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மனநல நிலையம் வைத்தார்கள். சில படுக்கைகளோடு இரவு பகல் திறந்திருக்கும்படி இந்நிலையங்கள் வளர்ந்தன. வெளியே போனவரை வைத்தியரும் தாதியரும் வீடு தேடிச் சென்று பார்த்தனர். மருந்தோடு வேலைக்கும் வீட்டுக்கும் வழி தேடிக் கொடுத்தனர்.

1978 மே 13-ல் இத்தாலியப் பார்லிமெண்ட் 180-வது நம்பர் சட்டத்தை நிறைவேற்றியது. பல கட்சியாரின் சமரசத்தால் விளைந்த அச்சட்டம் பஸாலியாவின் பெயராலேயே வழங்குகிறது. பழைய ஆஸ்பத்திரிகளில் புதிதாக யாரையும் சேர்க்கலாகாது. சிகிச்சை நோயாளியின் சம்மதத்தோடு நடப்பதே விதி. பலவந்தமாகச் சேர்ப்பது விலக்கு; அதற்கு இரண்டு வைத்தியர் கருத்தும், மேயரின் உத்தரவும், 48 மணி நேரத்துக்குள் நீதிபதிக்குத் தகவலும் வேண்டும். காலம் ஏழு நாள். நீடிக்க வேண்டுமானால் மறுபடியும் காரணம் காட்ட வேண்டும். இடம் பொது ஆஸ்பத்திரியில் பதினைந்து படுக்கைக்கு மேற்படாத வார்டு.

பஸாலியா 1980 ஆகஸ்டில், ஐம்பத்தாறாம் வயதில், மூளைக்கட்டியால் காலமானார். அவரோடு சேர்ந்து எழுதியும் உழைத்தும் வந்த மனைவி பிராங்கா ஓங்காரோ பின்னர் செனட் சபை அங்கத்தினராகி அப்பணியைத் தொடர்ந்தார். தொடர வேண்டிய அவசியமும் இருந்தது. பல மாகாணங்களில் புதிய நிலையங்கள் காலத்தில் எழவில்லை. வீடு திரும்பியவர்களின் பாரம் குடும்பங்களின் தலையில், முக்கியமாகத் தாய்மார் தலையில் விழுந்தது. திரியெஸ்தில் நடந்தது மற்ற ஊர்களில் நடவாததற்குக் காரணம் சட்டத்தின் குறையன்று. பணமும் ஆளும் ஒதுக்காத சர்க்காரின் குறை.

விடுதலைக்கு உழைக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூட்டை அகற்றும் சட்டம் ஒரு நாளில் நிறைவேறலாம். வெளியே வந்தவர் மறுநாள் காலையில் எங்கே போவார், யார் அவருக்குக் கதவு திறப்பார் என்பதற்கு ஊரார்தான் விடை சொல்ல வேண்டும். அந்த விடையைத் தயார் செய்யாமல் பூட்டைத் திறப்பது விடுதலையாகாது, கைவிடுதலாகும்.