இராமானுஜனும் ஒரு பேரெண்ணும்

சீநிவாச இராமானுஜன் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது 1729 என்னும் எண்ணே. அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்த ஆராய்ச்சியில் இடம்பெற்ற வேறொரு பேரெண்ணை இங்கு அன்பர்கள்முன் வைக்க விழைகிறோம். அது 67,46,32,83,88,800.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். கணிதம் ஒன்றிலேயே தோய்ந்து பிற பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரி உபகாரச் சம்பளத்தை இழந்தார், எஃப். ஏ. தேர்வில் தேறவும் இல்லை. 1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார். மறு ஆண்டு பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே 1914-ல் அவரைக் கேம்பிரிட்ஜில் கொண்டு சேர்த்தது.

அங்கு 1915-ல் அவர் வெளியிட்ட பெருங்கட்டுரை உயர் பகு எண்களைப் பற்றியது. 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறிய அனைத்தையும் வகுஎண்களின் தொகையால் விஞ்சி நிற்பதே உயர் பகு எண்ணாகும். இராமானுஜன் இவற்றை நூற்றுக்கு மேல் வரிசைப்படுத்தினார். அவ்வரிசையின் கடைசி எண்ணே நாம் மேலே குறித்தது.

அதனைப் பிரித்துப் பார்ப்போம். 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒரு முறையும் பெருகி அது உருவாகிறது. இம்முறைகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 10,080 கிடைக்கும். அத்தனை வகுஎண்கள் அதற்கு உண்டு! பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக அவை இடம்பெறும் முறைகள் கூடுவதே இல்லை என்னும் ஒழுங்கையும் அவர் நிறுவினார்.

ஆயினும் அவ்வரிசையில் ஓர் எண் விடுபட்டது. அது 2,93,31,86,25,600. அதனை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது அவருடைய கடைசி எண்ணேதான்! நாமகிரித் தாயாரின் அருளே அவருக்கு எண்களைக் காட்டிற்று என்பர். அவருடைய பக்தியை நாம் போற்றுகிறோம். எனினும், அந்த ஒரு விடுபாடு நமக்குக் காட்டுவது, கணிப்பொறி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் தம் கையால் கணக்கிட்ட கடும் உழைப்பையே. அதனால் அவர் பெருமை நம் நெஞ்சில் கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

எஃப். ஏ. தேறாத அவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் இவ்வாராய்ச்சிக்காகப் பட்டம் வழங்கிற்று. 1918-ல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயுடன் 1919-ல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 32. போர்க்காலப் பணமுடையால் அச்சேறாது நின்ற அக்கட்டுரையின் எஞ்சிய பகுதி 1997-ல் வெளிவந்தது.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்துள்ள நம் இல்லங்களிலும் ஏதேனும் ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைகள் இருக்கலாம். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அவர்களைக் கடிந்துகொள்ளுமுன், இந்தப் பேரெண்ணை ஒருமுறை நினைத்துக்கொள்வோமாக.